ரேட்டிங் எதுவரை ஏறும்? செஸ் ரேட்டிங்கின் உச்சவரம்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கத்துப் பிள்ளைகள் ஒரு வாரம் பாலக்காட்டில் ஆடுகிறார்கள், மறுவாரம் செக்போஸ்ட் தாண்டிக் கோவையிலோ பொள்ளாச்சியிலோ ஆடுகிறார்கள். ரேட்டிங் ஏறும்போது எழாத கேள்விகளெல்லாம் அது ஒரே இடத்தில் நின்றுவிடும்போது எழுகின்றன. அவற்றில் அதிகம் வருபவற்றுக்கான பதில்கள் இவை. வேறுவிதமாகச் சொல்லாத இடங்களில், உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் கிளாசிக்கல் (நீண்ட நேர ஆட்ட) ரேட்டிங்கைப் பற்றியே பேசுகிறோம்.

ரேட்டிங்குக்கு இதுதான் உச்சம் என்று விதியில் எழுதி வைத்திருக்கிறார்களா?

இல்லை. அடிவாரம்தான் எழுதியிருக்கிறது: 1400. அதற்குக் கீழே போனால் அடுத்த மாதப் பட்டியலில் ரேட்டிங் இல்லாதவராகிவிடுவீர்கள். 2024 மார்ச்சுக்கு முன்னால் இந்த எல்லை 1000 ஆக இருந்தது. மேல் பக்கம் எந்த எண்ணும் இல்லை. ஒரே ஒரு விதிவிலக்கு, முதன்முதலாக ரேட்டிங் வாங்கும்போது. எவ்வளவு பிரமாதமாக ஆடினாலும் முதல் ரேட்டிங் 2200-ஐத் தாண்டாது. அந்தக் கணக்கில் 1800 ரேட்டிங் உள்ள இரண்டு கற்பனை எதிராளிகளோடு டிரா செய்ததாகவும் சேர்த்துக்கொள்வார்கள். குருட்டு அதிர்ஷ்டத்தில் ஒரே டோர்னமெண்டில் ஒருவர் உச்சிக்குப் போய்விடாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு.

விதியில் எல்லை இல்லையே தவிர, எல்லை இல்லாமல் இல்லை. அட்டவணை, எதிராளிகளின் தரம், டிரா, ஆயுசு ஆகிய நான்கும் சேர்ந்து அதைப் போடுகின்றன.

கணக்கை ஒருமுறை போட்டுக் காட்டுங்கள்.

இரண்டு பேரின் ரேட்டிங் வித்தியாசத்தை எடுங்கள். அந்த வித்தியாசத்துக்கு இத்தனை சதவீதம் மதிப்பெண் எடுக்கவேண்டும் என்று ஃபிடே அட்டவணை சொல்லும். 100 வித்தியாசம் என்றால் மேலே இருப்பவருக்கு 0.64, 200 என்றால் 0.76, 300 என்றால் 0.85, 400 என்றால் 0.92. நீங்கள் எடுத்த மதிப்பெண்ணிலிருந்து (வெற்றிக்கு 1, டிராவுக்கு அரை, தோல்விக்கு 0) இதைக் கழித்து, கே மதிப்பால் பெருக்கினால் வருவதுதான் ஏற்றமோ இறக்கமோ.

கே மதிப்பு ஆளுக்கு ஆள் மாறும். புதியவர்களுக்கு 30 ஆட்டம் முடியும்வரை 40. 18 வயது நிறையும் ஆண்டு முடியும்வரை, 2300-க்குக் கீழே இருந்தால், அப்போதும் 40. மற்றவர்களுக்கு 20. ஒருமுறை 2400-ஐத் தொட்டுவிட்டால் 10. பிறகு இறங்கினாலும் 10-தான்.

1520-இல் இருக்கும் பையன் 1640-இல் இருக்கும் பெரியவரோடு ஆடுகிறான் என்று வையுங்கள். வித்தியாசம் 120, எதிர்பார்ப்பு பெரியவருக்கு 0.66, பையனுக்கு 0.34. பையன் ஜெயித்தால் 0.66 × 40 = 26.4 ஏறும். டிரா செய்தால் 6.4 ஏறும். தோற்றால் 13.6 இறங்கும்.

ஒரே மாதத்தில் அதிகபட்சம் எவ்வளவு ஏறலாம்?

இதற்கு மட்டும் துல்லியமான பதில் இருக்கிறது. ஒரு பட்டியல் காலத்தில், அதாவது ஒரு மாதத்தில், கே மதிப்பையும் ஆட்ட எண்ணிக்கையையும் பெருக்கினால் 700-ஐத் தாண்டக்கூடாது. தாண்டினால் கே-யைக் குறைத்துவிடுவார்கள். மே மாத லீவில் இரண்டு டோர்னமெண்ட், 18 ஆட்டம் ஆடிய பையனுக்கு 40 × 18 = 720. ஆகவே கே 38 ஆகும். பெற்றோர் வீட்டில் போட்ட கணக்குக்கும் பட்டியலில் வந்த எண்ணுக்கும் உதைப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். எல்லா ஆட்டத்திலும் தன்னைவிட 400-க்கு மேல் உயர்ந்தவர்களை ஒருவன் வீழ்த்தினாலும், வித்தியாசத்தை 400 என்றே எடுப்பதால், ஓர் ஆட்டத்துக்கு கே-யில் 0.92 மடங்குதான் கிடைக்கும். எனவே ஒரு மாத உச்சம் 700 × 0.92 = 644.

தன்னைவிடப் பலவீனமானவர்களையே அடித்துக்கொண்டிருந்தால் எவ்வளவு வேண்டுமானாலும் ஏறலாமா?

கொஞ்ச நாள் முன்பு வரை, தாளில் ஏறலாம் என்பதே பதில். காரணம் 400 விதி. வித்தியாசம் 400-ஐ எவ்வளவு தாண்டினாலும் 400 என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படியானால் 2700-காரர் 1500-காரரை வென்றாலும் எதிர்பார்ப்பு 0.92-க்கு மேல் போகாது. ஒவ்வொரு வெற்றிக்கும் 0.08 × 10 = 0.8 கிடைத்துக்கொண்டே இருக்கும். ஆயிரம் வெற்றிக்கு 800 புள்ளி. கூரையே இல்லாத வீடு.

ஒரு டிரா விட்டால் 4.2 போகும், அதாவது ஐந்து வெற்றியின் சம்பாத்தியம். ஆனாலும் 92 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து எடுப்பவருக்கு இந்த ஓட்டை திறந்தே இருந்தது. 2025 அக்டோபர் முதல் ஃபிடே இதைப் பாதி அடைத்தது. 2650-உம் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு இனி உண்மையான வித்தியாசமே கணக்கு.

இதனால் யாரும் எழுதி வைக்காத ஓர் உச்சவரம்பு தானாகவே வந்துவிட்டது. அட்டவணையில் வித்தியாசம் 735-ஐத் தாண்டினால் எதிர்பார்ப்பு 1.00. வென்றாலும் பூஜ்யம்தான் கிடைக்கும். ஆக, ஒருவர் ஒரு ஆட்டம்கூட விடாமல் வென்றுகொண்டே போனாலும், கிடைக்கும் எதிராளிகளில் மிக உயர்ந்தவரைவிட 736 மேலே போனதும் ஏணி முடிந்துவிடும். மற்றவர்களில் முதலாமவர் 2840 என்றால், அந்த மகானுக்கு 3576. அதுவும் சும்மா வராது. வித்தியாசம் 620 முதல் 735 வரை இருக்கும் பகுதியில் ஒரு வெற்றிக்கு 0.1 மட்டுமே கிடைக்கும். அந்த 116 புள்ளியைக் கடக்க 1,160 வெற்றி வேண்டும். ஆண்டுக்கு 60 ஆட்டம் என்றால் 19 வருஷம்.

மூடிய வட்டத்துக்குள் ஆடியே ரேட்டிங்கை ஊதிப் பெருக்கியவர்கள் உண்டா?

உண்டு. அமெரிக்காவின் வர்ஜீனியா சிறையில் இருந்த கிளாட் பிளட்குட் சக கைதிகளோடு ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் ஆடி, 1990-களின் நடுவில் அமெரிக்க செஸ் சங்க ரேட்டிங்கில் 2700-ஐத் தாண்டி நாட்டின் இரண்டாம் இடத்துக்கு வந்துவிட்டார். ஏமாற்றினாரா, வட்டம் மூடியிருந்ததால் தானாக நடந்ததா என்று இன்றும் வாதம் நடக்கிறது. வழிமுறை மட்டும் தெளிவு: புதியவர்கள் வட்டத்துக்குள் புள்ளியோடு வருவார்கள், அதை ஒருவரிடம் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ரேட்டிங் எண் அந்த வட்டத்துக்குள் யார் யாரைவிட எவ்வளவு மேல் என்று மட்டும் சொல்லும். வட்டத்துக்கு வெளியே அதற்கு வாய் கிடையாது.

எங்கள் பக்கத்து டோர்னமெண்டுகளில் மட்டும் ஆடினால் எங்கே போய் நிற்கும்?

எல்லோரும் கேட்கவேண்டிய கேள்வி இது, கேட்பவர்கள் குறைவு. உலக உச்சத்தைவிட உங்கள் சொந்த உச்சத்தை முதலில் கண்டுபிடியுங்கள். கடைசி 30 ஆட்டத்தின் எதிராளி ரேட்டிங்குகளைக் கூட்டி 30-ஆல் வகுங்கள். அதே 30 ஆட்டத்தில் எடுத்த மதிப்பெண்ணைச் சதவீதமாக்குங்கள். அந்தச் சதவீதத்துக்கு அட்டவணையில் உள்ள வித்தியாசத்தைச் சராசரியோடு கூட்டுங்கள். 60 சதவீதத்துக்கு 72, 65-க்கு 110, 70-க்கு 149, 75-க்கு 193, 80-க்கு 240, 85-க்கு 296. வரும் எண்தான் நீங்கள் போய் நிற்கும் இடம்.

எதிராளிகளின் சராசரி 1500, நீங்கள் எடுப்பது 75 சதவீதம் என்றால் 1693. இப்போது 1620-இல் இருந்தால் மெல்ல ஏறுவீர்கள். 1750-இல் இருந்தால் நன்றாக ஆடியும் இறங்குவீர்கள். ‘ஏழு ரவுண்ட் ஜெயிச்சும் ஏறலையே’ என்ற புலம்பலுக்குக் காரணம் இதுதான். 1700 ஆள் 1500 சராசரிக் கூட்டத்தில் ஒன்பதுக்கு 6.84 எடுத்தால்தான் இருக்கும் இடத்தில் இருப்பார். 7 எடுத்தால் கே 20-க்கு வெறும் 3.2 ஏறும். 6.5 எடுத்தால் 6.8 இறங்கும். கோப்பையை வாங்கிக்கொண்டு ரேட்டிங்கைக் கொடுத்துவிட்டு வருவது சகஜம்.

இங்கே தவறு நடக்கும் இடம் ஒன்று உண்டு. சராசரி போடும்போது ரேட்டிங் இல்லாத எதிராளிகளைச் சேர்க்காதீர்கள். அந்த ஆட்டங்கள் உங்கள் ரேட்டிங் கணக்கிலேயே வராது. சின்னப் பிள்ளைகள் அதிகம் வரும் டோர்னமெண்டில் எண்ணை அப்படியே நம்பாதீர்கள் என்பதும் எங்கள் கருத்து. மாதாமாதம் முன்னேறும் பத்து வயதுப் பிள்ளையின் ரேட்டிங் எப்போதும் அவன் பலத்துக்கு இரண்டு மாதம் பின்னால்தான் நடந்து வரும்.

ஒருவர் பெறுவது இன்னொருவர் இழப்பதுதானே? அப்படியென்றால் மொத்தப் புள்ளிதானே உச்சவரம்பு?

கே இருவருக்கும் ஒன்றாக இருந்தால் அப்படித்தான். ஆழியாற்றுத் தண்ணீர் மூலத்தரா வழியாகச் சித்தூர் வயல்களுக்குப் பிரிவதுபோல, ஒரு வாய்க்காலில் ஏறினால் இன்னொன்றில் குறையும். ஆனால் கே வேறுபடும்போது வாய்க்காலுக்கு நடுவிலேயே ஊற்று கிளம்பும். மேலே சொன்ன ஆட்டத்தில் பையன் 26.4 பெறுகிறான், கே 20 உள்ள பெரியவர் 13.2 மட்டுமே இழக்கிறார். மீதி 13.2 புதிதாகப் பிறந்தது. பையன் தோற்றிருந்தால் அவன் 13.6 இழக்க, பெரியவர் 6.8 பெற, 6.8 ஆவியாகியிருக்கும்.

வளரும் பிள்ளைகள் எதிர்பார்ப்பைவிட அதிகம் ஜெயிப்பதால் ஊற்று கொஞ்சம் முந்தும். ஆனாலும் கீழ்மட்டத்தில் வறட்சி வந்தது. புதியவர்கள் குறைந்த எண்ணோடு நுழைந்து, பெரியவர்களின் புள்ளியைக் கரைத்துக்கொண்டிருந்தார்கள். அதற்குத்தான் 2024 மார்ச் 1-இல் ஃபிடே ஒரேயடியாக நீர் திறந்துவிட்டது. 2000-க்குக் கீழே இருந்த ஒவ்வொருவருக்கும், 2000-க்கு எவ்வளவு குறைவோ அதில் 40 சதவீதம் கூட்டப்பட்டது. 1500 இருந்தவர் 1700 ஆனார், 1000 இருந்தவர் 1400 ஆனார். 2023-இல் பையன் 1450, இப்போது 1680 என்று சொல்லி இனிப்பு கொடுக்குமுன் இதை ஒருமுறை கழித்துப் பாருங்கள்.

மனிதர்கள் இதுவரை தொட்ட உச்சம்?

பட்டியலில் மாக்னஸ் கார்ல்சனின் 2882, 2014 மே மாதம். அதற்கு முன் 1999-இல் காஸ்பரோவின் 2851. இந்தியர்களில் 2800 தொட்டவர்கள் விஸ்வநாதன் ஆனந்த், 2011-இல் 2817. வாரங்கல்லின் அர்ஜுன் எரிகைசி, 2024 டிசம்பரில் 2801. குகேஷ் பட்டியலில் 2794 வரை வந்திருக்கிறார்.

2900 ஏன் இன்னும் ஒருவருக்கும் வாய்க்கவில்லை?

தொடுவது ஒன்று, நிற்பது ஒன்று. 2900-இல் இருப்பவர் சராசரி 2750 உள்ள களத்தில் ஆடினால் வித்தியாசம் 150, எதிர்பார்ப்பு 0.70. ஒரு வெற்றிக்கு 3 ஏறும், ஒரு டிராவுக்கு 2 இறங்கும், ஒரு தோல்விக்கு 7 இறங்கும். பத்து ஆட்டத்தில் தோல்வியே இல்லாமல் நான்கு வெற்றி, ஆறு டிரா என்றால் அப்போதுதான் வரவும் செலவும் சரி. ஒரு தோல்வி வந்தால் அதை ஈடுகட்ட இரண்டு வெற்றிக்கு மேல் வேண்டும்.

ஏறும் பாதையையும் பாருங்கள். 2840-இல் இருந்து அதே களத்தில் ஒருவர் 75 சதவீதம் எடுக்கிறார். பாதி வெற்றி, பாதி டிரா, தோல்வி கிடையாது. ஆரம்பத்தில் ஆட்டத்துக்கு 1.3 ஏறும், 2900 நெருங்கும்போது 0.5-தான் ஏறும். சராசரியாக 0.9 என்றால் 67 ஆட்டம் வேண்டும். உச்சியில் இருப்பவர்கள் கிளாசிக்கல் ஆடுவதே குறைவு, ஒரு வருஷத்துக்கு மேல் ஒரு சறுக்கல்கூட இல்லாமல் ஓடவேண்டும். கார்ல்சன் 2018 முதல் 2020 வரை 125 கிளாசிக்கல் ஆட்டங்களில் தோற்காமல் இருந்தவர், அவருக்கே 2900 கைகூடவில்லை. தோற்காமல் இருப்பது போதாது, டிராவும் கூலி கேட்கும்.

3000-க்கு மேல் ஆடினார் என்று செய்திகளில் வருகிறதே?

அது செயல்திறன் ரேட்டிங். ஒரு டோர்னமெண்டின் அளவு மட்டும்தான். 2014 சின்க்ஃபீல்ட் கோப்பையில் ஃபேபியானோ கருவானா பத்துக்கு 8.5 எடுத்தார், முதல் ஏழு ஆட்டமும் வெற்றி. எதிராளிகளின் சராசரி 2800-ஐ ஒட்டி இருந்தது, 85 சதவீதத்துக்கு 296 கூட்டினால் 3100-ஐ ஒட்டி வரும். நூற்றுக்கு நூறு எடுத்தால் சூத்திரப்படி முடிவிலி வந்துவிடும் என்பதால் அட்டவணையில் அதற்கு 800 என்று முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறார்கள். எனவே செயல்திறனுக்கு உச்சவரம்பு எதிராளி சராசரியோடு 800.

கடவுளே வந்து ஆடினால் அவர் ரேட்டிங் என்ன?

எல்லோருக்கும் பிடித்த கேள்வி. பதில் முழுக்க டிராவில் இருக்கிறது. செஸ் இன்னும் தீர்க்கப்படவில்லை. பலகையில் ராஜாக்களையும் சேர்த்து ஏழு காய் இருக்கும் நிலைகள்வரைதான் முழுமையாகக் கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள். ஆனாலும் இருபக்கமும் பிழையில்லாமல் ஆடினால் டிரா என்றே பெரும்பாலோர் நம்புகிறார்கள். இதைவிட எளிய செக்கர்ஸ் ஆட்டம் 2007-இல் தீர்க்கப்பட்டபோது அதுவும் டிராவாகவே முடிந்தது.

பிழையே செய்யாத ஒருவர் 2800-காரரோடு நூறு ஆட்டம் ஆடுகிறார் என்று வையுங்கள். தோற்கமாட்டார். கேள்வி, மனிதன் எத்தனை டிரா பிடிப்பான் என்பது மட்டுமே. நூற்றுக்கு 50 டிரா பிடித்தால் கடவுளின் மதிப்பெண் 75 சதவீதம், ரேட்டிங் 3000-ஐக்கூடத் தொடாது. 10 டிரா என்றால் 95 சதவீதம், ஏறக்குறைய 3300. 2 டிரா என்றால் 99 சதவீதம், 3600-க்குச் சற்றுக் கீழே. ஆயிரத்துக்கு ஒரு டிரா என்றால் 4100-ஐத் தாண்டும். இவை, இந்த ரேட்டிங் முறையை வகுத்த எலோவின் சூத்திரத்தின் இன்றைய பரவலான வடிவப்படி வரும் எண்கள்.

அதே 99 சதவீதத்துக்கு ஃபிடே அட்டவணை 677 மட்டுமே தருகிறது, அந்தப் பரவலான வடிவம் 798 தருகிறது. மார்க்வெட் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராக இருந்த அர்பாட் எலோ முதலில் மணி வடிவப் பரவலை வைத்துக் கணக்கிட்டார். ஃபிடே 1970-இல் அதை ஏற்று, அட்டவணையை இன்றுவரை அப்படியே வைத்திருக்கிறது. அமெரிக்க சங்கமும் இணையதளங்களும் வேறு வளைவுக்கு மாறிவிட்டன. நடுப்பகுதியில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, 400-க்கு மேல்தான் பிரியும். ஆக, கடவுளின் ரேட்டிங் எந்த வளைவைப் போடுகிறோம் என்பதைப் பொறுத்தே நூறு புள்ளி ஏறி இறங்குகிறது.

கம்ப்யூட்டர் 3600 என்கிறார்கள். அது கடவுளுக்குப் பக்கத்திலா?

அந்த எண் வேறு வட்டத்தில் பிறந்தது. எஞ்சின்கள், அதாவது செஸ் ஆடும் மென்பொருள்கள், எஞ்சின்களோடு மட்டும் ஆடி உருவாக்கிய பட்டியல் அது. ஃபிடே எண்ணோடு அதைக் கோர்க்கும் கயிறு மெலிந்துவிட்டது. மேலும் பலம் ஏற ஏற டிரா மண்டும். 2017-இல் ஆல்பாஜீரோ என்ற எஞ்சின், ஸ்டாக்ஃபிஷ் என்ற இன்னொரு எஞ்சினோடு ஆடிய நூறு ஆட்டத்தில் 28 வெற்றி, 72 டிரா, ஒரு தோல்விகூட இல்லை. உலகமே வாய் பிளந்தது. ஆனால் மதிப்பெண் 64 சதவீதம்தான், ரேட்டிங் இடைவெளி வெறும் 100. அதனால்தான் எஞ்சின் போட்டிகளில் வேண்டுமென்றே ஒரு பக்கம் சாய்ந்த தொடக்க நிலைகளைக் கொடுக்கிறார்கள், இல்லாவிட்டால் யார் பெரியவர் என்றே தெரியாது.

ஃபிஷரின் 2785-ஐ இன்றைய 2785-ஓடு ஒப்பிடலாமா?

கூடாது. 1972-இல் அமெரிக்காவின் பாபி ஃபிஷர் 2785-இல் இருந்தபோது, அடுத்திருந்த ஸ்பாஸ்கி 2660. ஃபிஷரின் பெருமை அந்த 125 இடைவெளியில் இருக்கிறது.

லிசெஸ்ஸில் 2100 இருக்கிறேன், ஃபிடேயில் 1650. எது உண்மை?

இரண்டும். இணைய செஸ் தளமான லிசெஸ் 1500-இல் தொடங்கி, கிளிக்கோ-2 என்ற வேறொரு ரேட்டிங் முறையில் கணக்கிடுகிறது, அங்கே நிரலிலேயே 4000 என்று மேல் எல்லையும் 400 என்று கீழ் எல்லையும் வைத்திருக்கிறார்கள். வட்டம் வேறு, நேரக் கட்டுப்பாடு வேறு. ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழித்துப் பார்ப்பதில் பயன் இல்லை.

நாங்கள் இருப்பது கேரளா, ஆடுவது பெரும்பாலும் தமிழ்நாடு. ரேட்டிங் இரண்டாகப் பிரியுமா?

பிரியாது. ஃபிடே எண் ஒன்றே, எங்கே ஆடினாலும் அதில்தான் சேரும். அகில இந்தியக் கூட்டமைப்பில் பதிவு மட்டும் ஒரு மாநிலத்தின் பெயரில் இருக்கும். மாநிலச் சாம்பியன்ஷிப்பை அந்த மாநிலத்துக்காகவே ஆடமுடியும். ஓபன் டோர்னமெண்டுகளுக்கு இந்தத் தடை இல்லை. சராசரி 1500 உள்ள களத்திலேயே 85 சதவீதம் எடுத்துக்கொண்டிருக்கும் பிள்ளை அங்கே 1796-க்கு மேல் போகாது. சராசரி 1700 உள்ள களத்துக்குப் போய் 65 சதவீதம் எடுத்தாலே 1810. வேலந்தாவளத்திலிருந்து கோவைக்கு ஆகும் பஸ் டிக்கெட்டை அந்தக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.